கேட்க மறந்த தரை

1998-ஆம் ஆண்டு மார்ச் 31, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். எடிசனில் அந்த வாரம் பருவம் தப்பிய வெயில். மார்ச் முடிவதற்குள் எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டது. ஹீட்டரை அணைத்து, அபார்ட்மெண்டின் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தேன். மேகமில்லை, காற்றில்லை. தொலைபேசி அடித்தது. ஹாலந்தின் தி ஹேக் நகரத்திலிருந்து என் மகள். அங்கே பிற்பகல் இரண்டு இருபது. வழக்கமாக ஆறு மணி நேர வித்தியாசம். அவர்கள் நமக்கு ஒரு வாரம் முன்னதாகவே கடிகாரத்தை மாற்றிவிடுவதால் அந்த வாரம் மட்டும் ஏழு.

"அப்பா, வீடு கெடச்ச மாதிரிதான். ஆனா கெடைக்கல."

"ரெண்டுல எது?"

"மூணு பேர் கேட்டிருக்கோம். ஓனர் அம்மா யாருக்குக் குடுக்கறதுன்னு இன்னும் சொல்லல."

அவள் வேலை பார்த்த நியூஜெர்சி கம்பெனி அவளை இரண்டு வருடத்துக்கு ஹாலந்து ஆபீசுக்கு அனுப்புவதாக இருந்தது. பெரிய பொறுப்பு. அவளுக்குக் கீழே பதினாறு பேர். மே மாதம் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் வீடு பார்த்துக்கொள்ள ஒரு வாரம் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மன்ஹாட்டனில் வேலை, விட்டுப் போக முடியாது. பேத்திக்கு ஏழு வயது, அம்மாவோடு போவாள். எனக்கு கிரீன் கார்டு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் சிட்டிசன்ஷிப் கணக்கில் கேள்வி வரும் என்றார்கள். ஆகவே நானும் மாப்பிள்ளையும் எடிசனில், அவர்கள் இருவரும் அங்கே என்று முடிவாயிருந்தது. என் மனைவி இருந்திருந்தால் இந்தப் பிரிவினைக்கு ஒப்புக்கொண்டிருப்பாளா என்று தெரியாது.

அந்த வீடு ஊரின் பழைய பகுதியில் இருந்தது. நூற்றுப்பத்து வருடத்துக்கு முன் கட்டிய செங்கல் வீடுகள், ஒன்றையொன்று ஒட்டியபடி நெட்டையாக. ஜாவா, சுமத்ரா, பாலி என்று தெருக்களுக்கெல்லாம் தீவுகளின் பெயர். தூதரகத்துக்காரர்களும் நீதிபதிகளும் குடியிருக்கும் இடம். வீட்டுக்கார அம்மாளுக்கு எண்பத்தொரு வயது. தனியாகக் கீழே இருந்துகொண்டு மேல் இரண்டு மாடிகளை வாடகைக்கு விடுகிறார். வாடகை கம்பெனி கொடுக்கும். அதனால் பணம் பிரச்சினையில்லை. அந்த அம்மாள் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"வேற வீடே இல்லையா?"

"இருக்குப்பா. ஊருக்கு வெளில புது ஃபிளாட். பஸ்ஸைப் புடிச்சு, ட்ரெய்ன் மாறிப் போகணும். இந்த வீட்டுலேருந்து ஆபீஸ் பதினோரு நிமிஷம், ஸ்கூல் ஆறு நிமிஷம். நடந்தே. நான் நடந்து பாத்துட்டேன்."

"உன் நடையா, கொழந்தை நடையா?"

"என் நடைதான்."

"அப்ப ஸ்கூல் ஒன்பது நிமிஷம்னு வெச்சுக்கோ."

அவள் சிரித்தாள். ஆனால் அந்தப் பதினோரு நிமிடம் அவளுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். நியூஜெர்சியில் மூன்று முறை டிரைவிங் டெஸ்டுக்குப் போய் மூன்று முறையும் தோற்றவள். கணினியில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டாள். எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து ஒரு கேலன் பால் வாங்கக்கூட அவள் கணவனைக் கேட்க வேண்டும். அவர் நல்ல மனிதர், முகம் சுளித்ததில்லை. ஆனாலும் பதினாறு பேருக்கு வேலை சொல்லப்போகிறவள் பாலுக்கு ஒருவரைக் கேட்டு நிற்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஊரில், அந்த வீட்டில், அவள் யாரையும் கேட்க வேண்டாம்.

போனை வைத்ததும் நான் காகிதத்தை எடுத்தேன்.

முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டுப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு கட்டடத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால் பிறகு என்ன ஆகும் என்பதைப் பார்த்துப் பார்த்து வயதானவன். கூரை ஒழுகிய வரலாறு உண்டா. மாடிப்படி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அங்குல உயரம், கைப்பிடி இடதா வலதா. குழாயில் வெந்நீர் வர எத்தனை விநாடி. ஜன்னல் கண்ணாடி ஒற்றையா இரட்டையா. இருபத்தொன்பதாவது கேள்வி கிரைண்டரைப் பற்றியது. ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த கிரைண்டர், இங்குள்ள நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓடாமல் மூன்று வருடமாக அலமாரிக்குள் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. ஹாலந்தில் நம் ஊர் மின்சாரம்தான். ஆகவே, பத்தொன்பது கிலோ எடையுள்ள ஒரு மாவரைக்கும் இயந்திரத்தை மாடிச் சமையலறை தாங்குமா, அதை எந்த நாளில் எந்த மணியில் ஓட்டலாம் என்று கேட்டிருந்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று கேள்விகள், நான்கு பக்கம், ஆங்கிலத்தில், என் கையெழுத்தில்.

மறுநாள் காலை அவளுக்கு அதைப் போனில் வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டாவதிலேயே நிறுத்திவிட்டாள்.

"அப்பா, ப்ளீஸ். இதைக் குடுத்தா வீடு போயிடும்."

"கேக்காம எப்படிம்மா குடி போறது?"

"மத்த ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க. ஒருத்தர் எம்பஸி. நான் கெஞ்சாத கொறையா நிக்கறேன். நீங்க வெந்நீருக்கு எத்தனை செகண்டுன்னு கேக்கறீங்க."

"சரி" என்றேன்.

சரி என்று சொன்னவன் அன்று பதினொரு மணிக்கு ஓக் ட்ரீ ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்குப் போய், அவள் கொடுத்து வைத்திருந்த வீட்டுத் தரகரின் எண்ணுக்கு நான்கு பக்கத்தையும் ஃபேக்ஸ் செய்துவிட்டேன். பக்கத்துக்கு இரண்டு டாலர். மேலே ஒரு குறிப்பு: வாடகைக்கு வரவிருப்பவரின் தகப்பன், ஓய்வுபெற்ற பொறியாளன், வீட்டை நல்லபடி வைத்துக்கொள்ளும் பொருட்டு இவற்றைக் கேட்கிறேன்.

அனுப்பியபின் பயம் வந்துவிட்டது. அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"மாமா, கூரை ஒழுகுதான்னு ஒரு ஆம்பாசடர் ஏரியால போய்க் கேட்டீங்களா?"

"ஆம்பாசடர் வீட்டுக் கூரை ஒழுகாதா?"

"ஒழுகும். ஆனா அவங்க கேக்க மாட்டாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவகிட்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. கெடைக்கலைன்னா எம்பஸிக்காரன் தட்டிட்டுப் போயிட்டான்னு வெச்சுப்போம்" என்றார்.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் பெண்ணின் பதினோரு நிமிடத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று அந்த நான்கு பக்கத்தின் நகலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எந்தக் கேள்வியை எடுத்திருக்கலாம் என்று பார்த்தால் ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை காலை அவளே அழைத்தாள். குரலில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

"அனுப்பிட்டீங்க இல்ல?"

"ஆமாம்மா."

"அந்தம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டாங்க. போனா மேஜைமேல உங்க நாலு பக்கம். நாப்பத்து மூணுக்கும் பென்சில்ல பதில் எழுதியிருக்காங்க. மாடிப்படி பத்தொன்பதாம். அவங்களே ஏறி எண்ணினாங்களாம். வெந்நீர் நாப்பத்தஞ்சு செகண்ட். வாட்ச் வெச்சுப் பாத்தாங்களாம்."

"நாப்பத்தஞ்சு அதிகம்."

"அப்பா!"

"சரி சரி. வீடு?"

"நமக்குத்தான். மத்த ரெண்டு பேரும் காரை எங்க நிறுத்தறதுன்னு மட்டும் கேட்டாங்களாம். உங்கப்பாதான் வீட்டைப் பத்திக் கேட்டாருன்னாங்க. கிரைண்டர் சனிக்கிழமை காலைல பத்துலேருந்து பதினொண்ணு."

நான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். என் வாழ்நாளில் நான் போட்ட எஸ்டிமேட் ஒன்றையும் யாரும் உட்கார்ந்து முழுக்கப் படித்ததில்லை. மேலதிகாரிகள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கடல் தாண்டி ஒரு மூதாட்டி என் கேள்விகளுக்காகப் பத்தொன்பது படி ஏறியிருக்கிறார்.

மே 2-ஆம் தேதி மகளும் பேத்தியும் போனார்கள். மே 31 வரை கம்பெனி செலவில் ஹோட்டல். அதற்குள் வீட்டில் குடியேற வேண்டும். பழைய குடித்தனக்காரர் காலி செய்து, மே 20, புதன்கிழமை சாவி கைக்கு வந்தது. அன்று காலை நான் போன் பக்கத்திலேயே இருந்தேன். மணி அடித்ததும் எடுத்தேன். பேசியது பேத்தி.

"தாத்தா, தேர் இஸ் நோ ஃப்ளோர்!"

"என்னடா கண்ணு சொல்ற? அம்மாகிட்ட குடு."

மகள் வாங்கினாள். மூச்சு வாங்கியது. "அப்பா, வீட்டுல தரை இல்ல."

"தரை இல்லாம எதுமேல நிக்கற?"

"வெறும் பலகை. ஆணியெல்லாம் துருத்திக்கிட்டு, சந்து சந்தா இருக்கு. நான் மார்ச்ல பாத்தப்ப அழகா கார்ப்பெட் இருந்துச்சு. லைட் இருந்துச்சு, கர்ட்டன் இருந்துச்சு. எல்லாத்தையும் அவங்க கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒயர்தான் தொங்குது."

"திருட்டா? போலீசுக்குச் சொன்னியா?"

"திருட்டு இல்லப்பா. இங்க வழக்கமே அதானாம். தரை வாடகைக்காரங்களோடதாம். போறப்ப பெயர்த்து எடுத்துட்டுப் போவாங்களாம். ஏஜெண்ட் சொல்றாரு, இது எல்லாருக்கும் தெரியுமே, நீங்க கேக்கலையேன்னு."

கேட்கவில்லை. கூரையைக் கேட்டேன், படியைக் கேட்டேன், வெந்நீரைக் கேட்டேன். ஒரு வீட்டுக்குத் தரை உண்டா என்று எந்தத் தமிழனுக்குக் கேட்கத் தோன்றும்? நம் ஊரில் வாடகைக்காரன் போகும்போது மிஞ்சிப்போனால் பல்பைக் கழற்றிக்கொண்டு போவான். தரை மண்ணோடு பிறந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது. மேல் மாடியில் நடக்கும் சத்தம் கீழே கேட்காதபடி, அடியில் ஃபெல்ட் என்ற தடித்த கம்பளித் துணி விரித்துத் தரை போட்ட பிறகுதான் குடியேறலாம். வீட்டுக்கார அம்மாள் அதில் கண்டிப்பு. கம்பெனி வாடகை கொடுக்கும், தரைக்குக் கொடுக்காது. ஹோட்டல் இன்னும் பதினோரு நாள்.

"விட்டுடலாம்ப்பா" என்றாள். "ஊருக்கு வெளில அந்த ஃபிளாட் இன்னும் காலியாதான் இருக்கு. அதுல எல்லாம் போட்டிருக்கு. பஸ்ல போயிக்கறோம்."

அவள் குரல் அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டிரைவிங் டெஸ்டில் மூன்றாவது முறை தோற்று வந்த அன்றும் இதே குரலில்தான் "விட்டுடலாம்" என்றாள்.

"விடாதே. தரையை நான் போடறேன்" என்றேன்.

"எடிசன்லேருந்தா?"

"மதுரையில உக்காந்துகிட்டு ராமநாதபுரத்துல பாலம் போட்டவன்தான் நான். டேப் வாங்கு."

ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கமும் அளக்கச் சொன்னேன். அதோடு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கும். பழைய வீட்டில் சுவர்கள் நேராக இருக்காது. மூலைக்கு மூலை அளந்தால் அறை இரண்டு முக்கோணமாகிவிடும், பரப்பு பிசகாது.

"எட்டாங்கிளாஸ்ல இதைச் சொல்லிக்குடுத்தப்ப நான் அழுதேன், ஞாபகம் இருக்கா?"

"இப்ப அழறதுக்கு நேரம் இல்ல. மூணு தரம் அள. மூணும் ஒத்து வரணும்."

டேப்பின் ஒரு முனையைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். அன்று மாலை மாப்பிள்ளையின் ஆபீசுக்கு ஃபேக்ஸ் வந்தது. நான் நினைத்தது சரி. முன்னறையில் ஒரு சுவர் ஐந்து மீட்டர் பன்னிரண்டு, எதிர்ச்சுவர் ஐந்து மீட்டர் மூன்று. ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசம். மொத்தப் பரப்பு எழுபது புள்ளி ஆறு சதுர மீட்டர்.

அங்கே தரைப்பலகை பெட்டியாகக் கிடைக்கும். பெட்டிக்குப் பத்துப் பலகை, இரண்டு புள்ளி இரண்டு சதுர மீட்டர். கடைக்காரர், சேதாரம் பத்து சதவீதம், முப்பத்தாறு பெட்டி வேண்டும் என்றார். மகளுக்குப் பிடித்த அந்த வெளிர் ஓக் நிறத்தில் அவரிடம் இருந்தது முப்பத்து மூன்று. மிச்சம் வர மூன்று வாரம். வேறு நிறம் எதுவும் கையிருப்பில் இல்லை.

முப்பத்து மூன்று பெட்டி, முந்நூற்று முப்பது பலகை. கிராஃப் தாள் வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜைமேல் ஒட்டி, ஒவ்வொரு பலகையாக வரைந்தேன். ஒரு வரிசையின் முடிவில் வெட்டிய துண்டு அடுத்த வரிசையின் தொடக்கமாக வேண்டும். கோணலான பக்கத்தைக் கப்போர்டுக்கு அடியில் தள்ள வேண்டும். இரண்டு நாள் ஆயிற்று. நடுவில் ஒரு முறை நான்கு பலகை குறைந்தது. எங்கே என்று தேடினால், கழிப்பறையின் கதவு உள்பக்கம் திறக்கும் என்று நினைத்து, வாசலில் நான்கு வரிசையை நிலைக்கு உள்ளே வரை நீட்டி வரைந்திருக்கிறேன். அது வெளியே திறப்பது. மகள் ஏப்ரலில் கொண்டுவந்து கொடுத்திருந்த நான்கு பக்கத்தில், முப்பத்தேழாவது கேள்விக்கு அந்த அம்மாள் பென்சிலில் எழுதிய பதில் அதை எனக்குச் சொல்லிக் காப்பாற்றியது.

மாப்பிள்ளை ரயிலிலிருந்து வந்து மேஜையைப் பார்த்தார். "மாமா, நான் சாப்பிட எடம் இருக்கா?"

"பெட்ரூம் மூணாவது வரிசைமேல தட்டை வெச்சுக்கோங்க. அது முடிஞ்சாச்சு."

"ஒரு பலகை குறைஞ்சா?"

"குறையாது."

"ஒருவேளை குறைஞ்சான்னு கேக்கறேன்."

"குறைஞ்சா நான் போய் அந்த எடத்துல படுத்துக்கறேன்."

அவர் பணத்தைப் பற்றியும் பேசினார். தன் கார்டில் போட்டுவிடுவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் வாரத்தில் மூன்று நாள் சரக்கு எண்ணும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சேர்ந்தது பாங்கில் இருந்தது, என் பெயரில். அமெரிக்கா வந்த பிறகு எனக்குச் சட்டை வாங்கித் தந்தது மகள், மருந்து வாங்கித் தந்தது மகள், கண்ணாடி மாற்றியது மாப்பிள்ளை. அவள் கால் வைக்கும் தரையை நான் போட வேண்டும் என்று ஆசை. தவிர, கேட்க மறந்ததும் நான்தானே.

வரைபடத்தை ஏழு பக்கமாக ஃபேக்ஸ் செய்தேன். மே 28, 29 இரண்டு நாள் இரண்டு தச்சர்கள். முதல் நாள் காலை அவர்களில் மூத்தவர் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தாராம். தரையை யாரும் இப்படிப் படம் போட்டுக் கொடுத்ததில்லை என்றாராம். மதியம் சிரிப்பு நின்றுவிட்டது. படத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பலகையையும் எண் பார்த்து எடுத்தார்களாம்.

29-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு அவள் அழைத்தாள்.

"முடிஞ்சுதுப்பா."

"எத்தனை மிச்சம்?"

"ஒரு பலகை."

"முழுசா?"

"முழுசா ஒண்ணு. அப்புறம் ஒரு சாண் துண்டு நாலஞ்சு."

நான் வரைபடத்தின் ஓரத்தில் மிச்சம் ஒன்று என்று எழுதிக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள். அந்த அம்மாள் கீழே தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பேத்தியை மேலே பத்து முறை குதிக்கச் சொன்னாராம். பத்தில் மூன்று கேட்டதாம்.

"மூணா? ஃபெல்ட் சரியா விரிக்கலையா?"

"மூணு பரவாயில்லைன்னுட்டாங்க. குழந்தை இருக்கறது கொஞ்சம் தெரியணுமாம்."

ஜூன் இரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை அவள் அந்த வீட்டிலிருந்து முதல்முறையாக வேலைக்குப் போனாள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் என்னை எழுப்பினாள். எடிசனில் மணி இரண்டு ஐம்பது என்பதை அவள் மறந்துவிட்டாள், நானும் நினைவூட்டவில்லை. "ஸ்கூலுக்கு ஒன்பது நிமிஷம்தான்ப்பா, நீங்க சொன்னது கரெக்ட்" என்றாள். வழியில் ஒரு கடையில் நின்று, யாரையும் கேட்காமல், பால் வாங்கி ஆபீசுக்குக் கொண்டுபோயிருந்தாள். பால் அங்கே எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு வருடம் அங்கே இருந்தாள். பதினாறு பேர் முப்பது பேரானார்கள். காலி செய்யும்போது, வழக்கப்படி தரையைப் பெயர்த்து எடுக்க வேண்டும், அல்லது அடுத்து வருபவருக்கு விற்க வேண்டும். அடுத்து யாரும் வரும் முன்பே வீட்டுக்கார அம்மாள் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, என்ன விலை என்று என்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாராம்.

"என்னப்பா சொல்லட்டும்? பாதி விலை கேக்கலாம்கறாங்க எல்லாரும்."

பாதி விலை என்பது நியாயமான கணக்குதான். இரண்டு வருடத் தேய்மானம் போக அதைவிடக் கூடவே கேட்டிருக்கலாம். நான் தாளில் போட்டும் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "ஒண்ணும் வாங்காதே. அந்தம்மா வீட்டுல அது இருக்கட்டும்."

அந்த அம்மாள் எனக்குக் கடிதம் எழுதினார், பென்சிலில். ஃபிரேம் போடவில்லை, ஆனால் வைத்திருக்கிறேன். கேட்பவர்களிடம், ஹாலந்தில் பெரிய மனிதர்கள் குடியிருக்கும் தெருவில் எழுபது புள்ளி ஆறு சதுர மீட்டர் தரை என்னுடையது என்று இன்றும் சொல்கிறேன்.

பலகை, ஃபெல்ட், தச்சுக்கூலி, பாங்க் கட்டணம், ஃபேக்ஸ், போன் கார்டு எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு டாலர் ஐம்பது சென்ட்.